ஒரு இரவில் காயாத உடுப்பு வேண்டாம்

கேள்வி கேட்டவர் வெள்ளவத்தையில் தொடர்மாடி ஒன்றில் இருக்கும் ஒரு தங்கச்சி. 7 வயதிலும் 3 வயதிலும் இரண்டு பிள்ளைகள். கொள்ளுப்பிட்டியில் வேலை, வாரத்தில் 3 நாள் அலுவலகம், 2 நாள் வீட்டிலிருந்து. “அக்கா, அலுமாரி மூட முடியாத அளவுக்கு உடுப்பு இருக்கு. காலமை 6 மணிக்கு உடுக்க ஒண்டும் இல்லை. வசந்தகால உடுப்புப் பட்டியல் எண்டு தேடிப் பார்த்தன், எல்லாத்திலயும் ஜாக்கெட்டும் ஸ்கார்ஃபும்தான். எங்கட வெக்கைக்கு என்ன வாங்கிறது, எத்தனை வாங்கிறது?” என்று எழுதியிருந்தார்.

தங்கச்சி, அந்தப் பட்டியலை முதலில் மூடி வையுங்கள். பனி உருகி, காலையில் குளிரும் மத்தியானம் இளவெயிலுமாக இருக்கிற ஊர்களுக்கு எழுதியது அது. அங்கே ஒன்றுக்கு மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு கிளம்பி, வெயில் ஏற ஏற ஒவ்வொன்றாகக் கழற்றுவார்கள். நமக்குக் கழற்ற என்ன இருக்கிறது? மார்ச், ஏப்ரலில் கொழும்பில் பகல் வெப்பம் 31, 32 பாகை. ஏப்ரல் முதல் பாதியில் சூரியன் இலங்கைக்கு நேர் உச்சியில் வந்து நிற்கும். மத்தியானம் காலி வீதியில் நின்றால் நிழல் செருப்புக்குக் கீழே கிடக்கும். காற்றில் ஈரப்பதன் பெரும்பாலும் 75 வீதத்துக்கு மேல். இதற்கு நடுவே பின்னேரங்களில் இடியோடு மழை. மே வந்தால் தென்மேல் பருவப்பெயர்ச்சி தொடங்கிவிடும். நமது வசந்தம் இவ்வளவுதான்.

நான் கட்டுநாயக்கப் பக்கம் ஆடைத் தொழிற்சாலைகளில் தரப் பரிசோதனையில் 14 வருடம் இருந்தவள். துணியைத் தொட்டுப் பார்ப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். ஆனால் நான் இப்போது சொல்லப்போவதைக் கற்றுத்தந்தது தொழிற்சாலை இல்லை, எங்கள் வீட்டு பல்கனியில் கட்டியிருக்கும் கொடிக்கயிறு. கொழும்பில் பிள்ளைகளோடு இருப்பவர்கள் உடுப்பைக் கொடியை நினைத்து வாங்க வேண்டும். கண்ணாடி அப்புறம்.

என் மூத்தவன் சின்னப் பிள்ளையாக இருந்தபோது என்னிடம் அலுவலகத்துக்குப் போட இரண்டே இரண்டு நல்ல ஜீன்ஸ் இருந்தன. ஒரு நாள் இரவு 9 மணிக்கு ஒன்றைத் தோய்த்துப் போட்டேன். மற்றது ஏற்கெனவே கொடியில். விடிய 5:30க்குத் தொட்டுப் பார்த்தால் கால்கள் மட்டும் காய்ந்திருக்கின்றன. இடுப்புப் பட்டியும் பொக்கெட்டும் தொடைத் தையலும் ஈரம். ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் போட்டேன், அயன் பண்ணினேன், மின்விசிறிக்குக் கீழே பிடித்தேன். கடைசியில் அந்த ஈரத்தோடேயே போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். பம்பலப்பிட்டி வருவதற்குள் இடுப்பைச் சுற்றி அரிக்கத் தொடங்கிவிட்டது. நாள் முழுக்க ஒரு புளித்த வாடை. அன்றைக்கு எடுத்த முடிவு: இரவு 9 மணிக்குத் தோய்த்தது விடிய 6 மணிக்கு, மழைக்காலத்தில் மின்விசிறிக்குக் கீழேயாவது, காய்ந்திருக்க வேண்டும். காயாததை அன்றாட உடுப்பு வரிசையில் சேர்ப்பதில்லை.

இதற்குக் காரணம் துணியின் எடை. ஒரு சதுர மீற்றர் எத்தனை கிராம் என்று தொழிற்சாலையில் அளப்போம். நல்ல மெல்லிய வொயில் 60 முதல் 90 கிராம். சேட் தைக்கும் பொப்ளின் 110, 120 வரும். ரீசேட் துணி 160, 180. ஜீன்ஸ் 340க்கு மேல். தடிப்பான துணி தண்ணீரைக் கூடுதலாகக் குடிக்கும், விடுவதற்கும் நேரம் எடுக்கும். கடையில் தராசு கொண்டு திரிய முடியாதுதான். கையை உள்ளே விட்டு வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள்: விரல் நிழல் மங்கலாகத் தெரிந்தால் மேலுடுப்புக்குச் சரி. விரலின் நிறமே தெரிந்தால் உள்ளே இன்னொன்று போட வேண்டிவரும், அப்போது மெல்லிசாக எடுத்த பயனே இல்லை. ஒன்றும் தெரியாவிட்டால் அது களிசானுக்குரிய துணி.

எந்த இழை என்று கேட்டால் எல்லோரும் பருத்தி என்பார்கள். நானும் அதையே சொல்வேன், ஆனால் கண்ணை மூடிக்கொண்டு இல்லை. 100 கிராம் பருத்தி, காற்றில் சும்மா கிடந்தாலே 7, 8 கிராம் ஈரத்தை உள்ளே வாங்கி வைத்திருக்கும். லினனும் விஸ்கோஸும் 11, 12 கிராம் வரை. பொலியெஸ்டர் அரைக் கிராம்கூட இல்லை. அதனால்தான் பொலியெஸ்டர் டொப் போட்டால் வேர்வை துணிக்குள் போகாமல் முதுகில் வழிகிறது. அது சீக்கிரம் காயும், கசங்காது, உண்மைதான். ஆனால் அக்குள் வாடையைப் பிடித்து வைத்துக்கொள்ளும்; தோய்த்த பிறகும், உடம்புச் சூடு பட்டதும் பழைய வாடை எழும்பும். லினன் எனக்குப் பிடிக்கும், ஆனால் மடியில் 3 வயதுப் பிள்ளை ஏறி இறங்கினால் அரை மணித்தியாலத்தில் கசக்கிப் போட்ட கடதாசி மாதிரி ஆகிவிடும். விஸ்கோஸ் தொட்டால் குளிர்மை, விழுகிற விதமும் அழகு. அதன் குறை தண்ணீரில்: ஈரமானால் பலம் பாதியளவுக்குக் குறைந்துவிடும். பிள்ளை ஈரக் கையால் பிடித்துத் தொங்கினால் தையலோரம் விட்டுக்கொடுக்கும். முறுக்கிப் பிழியவும் கூடாது. அது அலுவலகத்துக்கு இரண்டு இருக்கட்டும், சமையலறைக்கு வேண்டாம். பருத்தியில் கொஞ்சம் பொலியெஸ்டர் கலந்த துணியை நான் வெறுப்பதில்லை. அயன் பண்ண நேரமில்லாத வீட்டில் களிசானுக்கும் பலாசோவுக்கும் அது பெரிய உதவி. உடம்போடு ஒட்டுகிற மேலுடுப்பு மட்டும் முழுப் பருத்தியாகப் பாருங்கள்.

எத்தனை வேண்டும் என்று கேட்டீர்கள். இதற்குக் கணக்கு இருக்கிறது. எத்தனை நாளைக்கு ஒருமுறை தோய்க்கிறீர்கள்? 3 நாளைக்கு ஒருமுறை என்று வைப்போம். கொழும்பில் மேலுடுப்பை இரண்டாம் நாள் போட முடியாது. அப்படியென்றால் 3. கொடியில் ஒன்று கிடக்கும், 4. சின்னவர் காலை 6:40க்குப் பாலைக் கொட்டுவார், 5. வெளியே போக 5 மேலுடுப்பு இருந்தால் போதும். களிசான், பலாசோ, பாவாடை வகையை இரண்டு தடவை போடலாம், அதனால் 3. அந்த மூன்றும் எல்லா மேலுடுப்போடும் பொருந்தக்கூடிய ஒரே நிறக் குடும்பமாக இருக்கட்டும்: கடும் நீலம், கறுப்பு, மண்ணிறம். அலங்காரம் முழுவதும் மேலே. இருட்டில் கையை விட்டு எடுத்தாலும் சோடி சேர வேண்டும், ஏனென்றால் பிள்ளைகள் நித்திரையாக இருக்கும் அறையில் லைட் போட முடியாது என்பது உங்களுக்கும் தெரியும். வீட்டுக்கு 4, 5 பருத்திச் சட்டை. வீட்டிலிருந்து வேலை செய்யும் 2 நாளுக்குத் தனியாக ஒன்றும் வேண்டாம். கழுத்து நன்றாக இருக்கிற வீட்டுச் சட்டையே கமராவுக்குப் போதும்.

வாங்குவதற்கு முன்னால் இரண்டு வாரம் உங்கள் அழுக்குக் கூடையைக் கவனியுங்கள். எந்த உடுப்பு திரும்பத் திரும்ப அதில் விழுகிறதோ அதுதான் உங்கள் உண்மையான அலுமாரி. மற்றதெல்லாம் குடியிருப்பவை, வாடகை தராமல். எனக்கு இப்படிப் பார்த்தபோது 60க்கு மேற்பட்ட உடுப்பில் 11 தான் கூடைக்கு வந்தன. அந்தப் பதினொன்றிலும் ஏழு பொக்கெட் வைத்தவை. அதற்கு முன் எனக்கே இது தெரியாது.

நிறம். சாம்பலும் இளநீலமும் வேர்வையை ஊருக்கே காட்டிக்கொடுக்கும். பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக் கை தூக்கினால் போதும். வெள்ளையும் கடும் நீலமும் சின்னச் சின்னப் பூப்போட்டதும் மறைக்கும். பூப்போட்டது பருப்புக்கறியையும் மறைக்கும். பருப்புக்கறி என்றவுடன் சொல்லிவிடுகிறேன்: மஞ்சள் கறையில் சவர்க்காரம் பட்டதும் அது சிவக்கும், அதைப் பார்த்துப் பயந்து இன்னும் தேய்க்காதீர்கள். சவர்க்காரத்தின் காரம் பட்டால் மஞ்சள் அப்படித்தான் மாறும். சாதாரணமாக அலசி, கறை இருக்கும் பக்கத்தை நல்ல வெயிலில் போடுங்கள். மஞ்சளின் நிறம் வெயில் தாங்காது. இரண்டு மூன்று நாளில் மங்கிவிடும். பால், முட்டை, இரத்தக் கறைகளுக்குப் பச்சைத் தண்ணீர்தான். சுடுதண்ணீர் ஊற்றினால் அது துணியோடு அவிந்து ஒட்டிக்கொள்ளும். கறையில்லாத நிற உடுப்பை உட்புறம் வெளியே திருப்பி நிழலில் காயப்போடுங்கள், ஏப்ரல் வெயில் எந்தச் சாயத்தையும் தின்னும்.

அளவு பார்க்கும்போது உடுப்பு மாற்றும் அறையில் நிமிர்ந்து நின்று வயிற்றை உள்ளிழுத்துப் பார்ப்பதில் ஒரு பிரயோசனமும் இல்லை. நீங்கள் ஒரு நாளில் அப்படி நிற்பது எத்தனை நிமிஷம்? குந்துங்கள், பிள்ளையின் சப்பாத்து நாடா கட்டுவது போல. முதுகு வெளியே தெரிகிறதா? குனியுங்கள், கழுத்து தொங்குகிறதா? இரண்டு கையையும் தூக்குங்கள், தோள் பிடிக்கிறதா? பிறகு ஒரு காலை உயரத் தூக்கி வையுங்கள், நம் தனியார் பஸ் படி உயரம் தெரியும்தானே. நாலிலும் தேறினால் எடுக்கலாம். இடுப்பிலிருந்து இரண்டு பக்கமும் வெட்டு வைத்த, தொடை நடுவரை வரும் குர்தாதான் என் கணக்கில் கொழும்பு அம்மாமாருக்கு ஏற்ற உடுப்பு. காற்று உள்ளே போகும். நம் ஊரில் ஈரப்பதன் கூட, வேர்வை லேசில் ஆவியாகாது. துணிக்கும் உடம்புக்கும் நடுவில் காற்று ஓடினால்தான் குளிரும். லெகின்ஸ் அதற்கு நேர் எதிரி, சொன்னால் கோபிப்பீர்கள். பால் குடிக்கும் பிள்ளை இருந்தால் முன்னால் பொத்தான் வைத்தது. பாவாடை, சட்டை போடும் நாட்களில் தொடை உரசிப் புண்ணாகாமல் உள்ளே ஒரு மெல்லிய பருத்திக் குட்டைக் களிசான். வெள்ளை மேலுடுப்புக்குள் வெள்ளை உள்ளாடை போடாமல், தோல் நிறத்தில் போடுங்கள், தெரியாது.

ஒரு பருத்திச் சால்வை கட்டாயம். இரண்டாவது மகள் படித்த பள்ளிக்கூடத்தின் பெயர் வேண்டாம். ஒரு நாள் பிள்ளைக்குக் காய்ச்சல், கூட்டிக்கொண்டு போங்கள் என்று 10 மணிக்கு அழைப்பு. வேலையிலிருந்து அப்படியே ஓட்டோவில் ஓடினேன். கையில்லாத குர்தா. கேற்றில் நின்றவர் மேலும் கீழும் பார்த்துவிட்டு, “இப்படி உள்ளே விட ஏலாது” என்றார். பிள்ளை உள்ளே காய்ச்சலோடு, நான் வெளியே தோள் தெரிந்த குற்றத்தோடு. கடைசியில் ஓட்டோக்காரர் தன் சீற்றில் விரித்திருந்த துவாயை நீட்டினார். அதைப் போர்த்திக்கொண்டு உள்ளே போனேன். அந்தக் கோபம் இன்றைக்கும் ஆறவில்லை. 2022 நவம்பரில் சில ஆசிரியைகள் சேலைக்குப் பதிலாக வசதியான உடுப்பில் பள்ளிக்கூடம் போனபோது எழுந்த சண்டையை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஆசிரியைகளுக்கே அந்தப் பாடு என்றால் அம்மாமார் எம்மாத்திரம். ஆனால் நியாயம் பேச நேரமில்லாத நாட்களும் உண்டு. அதனால் கைப்பையின் அடியில் ஒரு சால்வை. அதே சால்வை அலுவலக ஏசிக் குளிருக்கும், பஸ்ஸில் நித்திரையான பிள்ளைக்கும், மயூரபதி அம்மன் கோவிலுக்குள் திடீரென்று போக நினைத்தாலும் உதவும். மருதமுனைக் கைத்தறிச் சால்வை கிடைத்தால் எடுங்கள், தோய்க்கத் தோய்க்க மெதுமையாகும்.

கொண்டாட்ட உடுப்புக்கு வருவோம். சித்திரைப் புத்தாண்டுக்குப் பஞ்சாங்கம் ஒரு நிறம் சொல்லும்; மருத்துநீர் வைத்துக் குளித்து அந்த நிறத்தில் உடுப்பது வழக்கம். அதற்காக ஒவ்வொரு வருடமும் புதுப் பட்டு வாங்கத் தேவையில்லை. அந்த நிறம் கரையிலோ சால்வையிலோ பிள்ளையின் நாடாவிலோ இருந்தால் எங்கள் வீட்டில் போதும் என்று விட்டுவிட்டோம்; உங்கள் மாமியார் என்ன சொல்வாரோ தெரியாது. பட்டுப் பாவாடைக்கு உள்ளே பருத்தித் துணி வைத்துத் தைத்தால் பிள்ளை சரிகை குத்துகிறது என்று கோவிலில் அழாது. உங்களுக்கு அயன் தேவைப்படாத ஒரு சேலை, அதற்கு இப்போதும் அளவாக இருக்கிற ஒரு பிளவுஸ் போதும். பிளவுஸை இன்றிரவே போட்டுப் பாருங்கள், 13ஆம் திகதி இரவு வேண்டாம்.

அதோடு யாரும் பட்டியலில் எழுதாத ஒன்று: செத்தவீட்டுக்கு ஒரு வெள்ளை அல்லது வெளிர் நிற உடுப்பு, தோய்த்து மடித்துத் தனியாக. செய்தி வந்து ஒரு மணித்தியாலத்தில் பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு கிளம்ப வேண்டிவரும். அந்த நேரம் அலுமாரியைக் கிளறிக்கொண்டு நிற்கக் கூடாது.

எங்கே வாங்குவது? அவசரத்துக்குக் காலி வீதிக் கடைகள் இருக்கின்றன. நேரம் இருந்தால் புறக்கோட்டை. கெய்சர் வீதியிலும் 2ஆம் குறுக்குத் தெருவிலும் துணியை மீற்றர் கணக்கில் வெட்டித் தருவார்கள். ஏப்ரல் பிறந்துவிட்டால் அந்தப் பக்கம் கால் வைக்க முடியாது, பெப்ரவரியிலோ மார்ச் தொடக்கத்திலோ ஒரு வேலைநாள் காலையில் பிள்ளைகள் இல்லாமல் போங்கள். கைக்குட்டை நுனியை நனைத்துத் துணியில் பத்துத் தடவை தேய்த்துப் பாருங்கள். நிறம் ஏறினால் அது உங்கள் மற்ற உடுப்புகளையும் சேர்த்துச் சாயம் போடும். தொழிற்சாலையில் இதற்கு ஒரு கருவியே வைத்திருப்போம், வேலை ஒன்றுதான். வாங்கிய பருத்தியை ஒரு இரவு தண்ணீரில் ஊறப்போட்டுக் காயவைத்த பிறகே தைக்கக் கொடுங்கள். 100க்கு 5 சுருங்கினால் 40 அங்குலக் குர்தா 38 ஆகிவிடும்.

ஏற்றுமதியில் மிஞ்சியது என்று விற்பவற்றில் நல்ல சரக்கு நிச்சயம் இருக்கிறது. அவற்றில் சில, நாங்கள் குறை கண்டு ஒதுக்கியவை என்பதையும் மறக்க வேண்டாம். உட்புறத்தைத் திருப்புங்கள். தையல் ஒரு அங்குலத்துக்கு 10, 12 இருக்க வேண்டும். பக்கத் தையலை இரண்டு பெருவிரலாலும் மெதுவாக இழுத்தால் நூல் பல்லைக் காட்டக் கூடாது. இரண்டு கையும் உடம்பும் ஒரே நிறமா என்று கடைக்கு வெளியே பகல் வெளிச்சத்தில் பாருங்கள். குழல் விளக்கின் கீழ் ஒன்றாகத் தெரியும் நிறம் வெயிலில் இரண்டாகப் பிரியும். பொத்தான் கழன்றது, நூல் தொங்குவது எல்லாம் ஒரு குறையே இல்லை, விலை குறைத்துக் கேட்க ஒரு சாட்டு.

அப்பாமாருக்கு நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை: அரைக் கை பொப்ளின் சேட் 5, களிசான் 3, வீட்டுக்குச் சாரம். மழைக்கு ஊறும் தோல் சப்பாத்தை நம்பாதீர்கள், ஆணும் பெண்ணும். பின்பக்கம் பட்டி வைத்த ரப்பர் அடிச் செருப்பு ஒன்று, பிள்ளைக்குப் பின்னால் ஓடவும் உதவும். அலுமாரியில் பூஞ்சணம் பிடித்தால் வாரம் ஒருமுறை கதவைத் திறந்து மின்விசிறியைப் போட்டு விடுங்கள், உடுப்பை அடைத்து வைக்காதீர்கள். அந்துருண்டை மட்டும் வேண்டாம். 3 வயதுக்காரர் அதை இனிப்பு என்று நினைத்து வாயில் போட்டால் ஆபத்து.

நீங்கள் பார்த்த பட்டியலிலிருந்த ஜாக்கெட்டை முற்றாகக் கைவிடவும் வேண்டியதில்லை. ஏப்ரல் விடுமுறைக்குக் கொழும்பில் பாதிப் பேர் நுவரெலியா ஏறுவார்கள். 1,868 மீற்றர் உயரத்தில் அங்கேதான் நமக்கு வசந்தகாலம். ஆளுக்கு ஒரு சுவெற்றர், அலுமாரியின் மேல்தட்டில். அதற்கு மேல் குளிர் உடுப்பு வாங்குவது காசைப் பூஞ்சணத்துக்குக் கொடுப்பது.

கடைசியாகத் தையல். உங்களுக்குப் பிடித்த பழைய குர்தா ஒன்றை அளவுக்குக் கொண்டுபோங்கள், வாயால் விளக்க வேண்டாம். 45 அங்குல அகலத் துணியென்றால் இரண்டரை மீற்றர் எடுத்தால் பொக்கெட்டுக்கும் சேர்த்துத் தாராளம். பொக்கெட் வலது பக்கத் தையலுக்குள், உங்கள் கைபேசி முழுவதும் உள்ளே போகிற ஆழத்தில். கைபேசியை எடுத்துத் துணிமேல் வைத்தே காட்டுங்கள், சோக்கால் கோடு போடும்வரை பக்கத்தில் நில்லுங்கள். நான் ஒரு தடவை வாயால் மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். அந்தப் பொக்கெட்டில் இன்றுவரை ஒரு பஸ் டிக்கெட்டைத் தவிர வேறொன்றும் போகாது.